தர்ஷினி கடல் பார்க்க வந்தாள்

என் ரேவதி அக்காவுக்கு,

உன் பொண்ணு நம்ம ஊருக்கு வந்துட்டுப் போனா. நாலு மாசம் ஆச்சு. அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். வேறு யாரிடம் சொல்ல? உனக்கே எழுதுகிறேன். நடுவில் யார் படித்தாலும் படிக்கட்டும்.

அரைப் பரீட்சை லீவில் மாமா போன் செய்தார். சுமதியை இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டு, சேலத்துக்கு மாற்றல் வாங்கிப் போன பிறகு, பொங்கலுக்குப் பொங்கல் பேசுகிற மனிதர். "பாப்பா கடல் பார்க்கணும்னு ஒரே அடம், கலா. ரெண்டு நாள் வர்றோம். லாட்ஜ்ல தங்கிக்கறோம். நீ கூட இருந்து ஊரைச் சுத்திக் காட்டினாப் போதும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்குழந்தையாக அவளைப் பார்த்தது.

அப்புறம், "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சுமதியைத்தான் பெத்த அம்மான்னு நினைச்சிட்டிருக்கா. உன்னை என் ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு சொல்லி வச்சிருக்கேன். அத்தைன்னு கூப்பிடுவா. அப்பாகிட்டயும் சொல்லிடு" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடியாது என்றால் அவளைப் பார்க்கவே முடியாது. சரி என்றேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பாடு பரவாயில்லை, வயசானவரை எந்தக் குழந்தையும் தாத்தா என்றுதான் கூப்பிடும். மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்தில் இருந்த உன் படத்தைக் கழற்றினார். மாலையைத் தனியாக எடுத்துவிட்டு, படத்தைத் துண்டில் சுற்றி பீரோவில் வைத்தார். அந்த இடத்தில் சுவர் வேறு நிறமாகத் தெரிந்தது. நான் ஒரு காலண்டரை வாங்கி வந்து மாட்டினேன்.

சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். அவளைப் பார்த்ததும் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது, அக்கா. அதே நெற்றி, அதே மேலுதடு. கூச்சம் வந்தால் கழுத்தைச் சாய்க்கிறதுகூட நீதான். "அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்றார் மாமா. சொன்னாள். பக்கத்தில் நின்ற சுமதியை நான் "வாங்கக்கா" என்றேன். அந்த வார்த்தை எனக்கே வேறு யாரோ பேசியது போல இருந்தது.

கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போனேன். பாறைகளைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. "மணல் எங்கே? கால் நனைக்க முடியாதா?" என்று கேட்டாள். இங்கே கல்லைக் கொட்டிவிட்டார்கள், மணலுக்கு வேறு பக்கம் போகணும் என்றேன். ஆனால் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனாள். கோயில் வாசலில் யானை தும்பிக்கையால் தலையைத் தொட்டபோது சுமதியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். தாவரவியல் பூங்கா ரயிலில் இரண்டு முறை ஏறினாள். மாமாவே சிரித்தார். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதிச் சந்தைக்குப் போகணும் என்று சுமதிதான் ஆசைப்பட்டார். துணிக்குவியலுக்கும் பிளாஸ்டிக் சாமானுக்கும் நடுவே கூட்டத்தில் இடித்துக்கொண்டு போனோம். தர்ஷினி என் கையைப் பிடித்திருந்தாள். அப்போது எதிரே மல்லிகா வந்தாள். உன்கூட பத்தாவது வரைக்கும் படித்தாளே, அவள்தான்.

என்னைப் பார்த்ததும் நின்றாள். குழந்தையைப் பார்த்தாள். "ஏய் கலா, இது ரேவதி பொண்ணுதானே? உரிச்சு வச்ச மாதிரி இருக்காளே. பாவம், பாக்கக் கொடுத்து வைக்காமப் போய்ட்டா" என்று சொல்லி, கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கண் கலங்கித்தான் பேசினாள்.

மாமா சட்டென்று, "ஆள் மாறிப் பேசறீங்க" என்றார். மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், மேலே பேசாமல் போய்விட்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு தர்ஷினி கேட்டாள். "அத்தை, ரேவதி யாரு?"

"என் அக்கா."

"எங்க இருக்காங்க?"

"இல்ல, பாப்பா. செத்துப்போய்ட்டாங்க."

"அவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா?"

மாமா முன்னால் வேகமாக நடந்தார். பதில் சொன்னது சுமதி. "இருக்கா கண்ணு. நல்லா இருக்கா. உன் வயசுதான்" என்று சொல்லி, அவளை என் கையிலிருந்து வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டார். தர்ஷினி அதற்கு மேல் கேட்கவில்லை. பொம்மை வேண்டுமா என்றதற்கும் வேண்டாம் என்றாள்.

மதியம் நம் வீட்டில் சாப்பாடு. அப்பா பேத்திக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தார். அவள் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே தூங்கிப்போனாள். மாமா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"என் அக்கான்னு எதுக்குச் சொன்ன?"

"பின்ன யாருன்னு சொல்றது மாமா?"

"அவளுக்கு ஒரு அம்மா இருக்கா. நல்லாப் பாத்துக்கறா. ஏங்கி அழறதுக்கு இன்னொரு அம்மா எதுக்கு, கலா?" அவர் கண் சிவந்திருந்தது. "நான் அழுதது போதாதா?"

நீ போன புதிதில், உன் இடத்தில் என்னை உட்கார வைக்கச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசி முடித்தபோது, "அவ சின்னப் பொண்ணு, படிக்கட்டும்" என்று தடுத்தவர் அவர். கெட்டவர் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் உன் பெயரை இல்லாமல் செய்ய அவருக்கு மட்டும் உரிமை உண்டா? நீயே சொல்லு.

நான் உள்ளே வந்தபோது சுமதி சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. குனிந்தபடியே, "எனக்கு அவங்க முகம்கூடத் தெரியாது. வீட்டுல ஒரு படம் கிடையாது. கேட்டா இவரு ரெண்டு நாளு சாப்பிட மாட்டாரு. உங்ககிட்ட இருக்கா?" என்றார்.

கூடத்தில் இருந்த அப்பா காதில் விழுந்திருக்கிறது. எழுந்து போய் பீரோவைத் திறந்தார். துண்டோடு கொண்டு வந்து சுமதி கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

சுமதி வெகுநேரம் பார்த்தார். பிறகு தூங்குகிற குழந்தையை எட்டிப் பார்த்தார். "எனக்கும் பயம்தான்" என்றார். "நான் பெக்கலன்னு தெரிஞ்சா, என்னை ஒரு மாதிரி பாப்பாளோன்னு. ஆனா இன்னிக்குக் கடைத்தெருவுல ஒருத்தங்க சொன்னாங்க. நாளைக்கு ஸ்கூல்ல எவளாவது சொல்லுவா. முழுப் பரீட்சை முடியட்டும், நானே சொல்லிடறேன்."

சாயங்காலமே கிளம்பினார்கள். மாமா போய்ட்டு வர்றேன் என்று அப்பாவிடம் மட்டும் சொன்னார். பஸ் ஜன்னலில் தர்ஷினி கையசைத்தாள், சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பொங்கலுக்குப் போன் வரவில்லை. நாங்கள் செய்தாலும் மாமா எடுக்கவில்லை. அப்பா உன் படத்தை மறுபடி மாட்டினார். ஆனால் இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவள் குரலைக் கேட்டிருப்போமே என்று தோன்றாத நாள் இல்லை.

போன வாரம் சுமதி போன் செய்தார். "சொல்லிட்டேன், கலா" என்றார். மாமாவுக்கும் அவருக்கும் இப்போது சரியாகப் பேச்சு இல்லையாம். குழந்தை என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டா. படுக்கும்போது என் கையைப் பிடிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. உங்ககிட்டயே கேக்கணுமாம்" என்று போனை அவளிடம் கொடுத்தார்.

"சித்தி," என்றாள். "எங்கம்மா செத்தப்போ நான் அழுதேனா?"

அக்கா, அன்றைக்கு அவள் என் மடியில்தான் இருந்தாள். கூட்டத்தைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். உன் மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழைப் பிய்த்து வாயில் போட்டாள். அதைப் பார்த்துத்தான் பெண்கள் எல்லோரும் கதறினார்கள். இதை எட்டு வயசுக் குழந்தையிடம் போனில் எப்படிச் சொல்வது? "நீ ரொம்பச் சின்னக் குழந்தை, பாப்பா. நேர்ல வா, எல்லாம் சொல்றேன்" என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

மே லீவில் அனுப்பப் பார்க்கிறேன் என்று சுமதி சொல்லியிருக்கிறார். மாமா சம்மதிப்பாரா, தெரியவில்லை. இந்த லீவு இல்லாவிட்டால் அடுத்த லீவு, அதுவும் இல்லாவிட்டால் அவளாகவே பஸ் ஏறி வருகிற வயசு வரும். எப்போது வந்தாலும் நான் பொய் சொல்ல மாட்டேன், அக்கா. அவளிடம், "நீ சிரிச்சே, பாப்பா" என்று சொல்வேன். உன்னைக் கடைசியாகப் பார்த்துச் சிரித்தது அவள் ஒருத்திதான் என்று சொல்வேன். அதற்கு அவள் அழுதால், அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கச்சி,
கலா
முத்தியால்பேட்டை