மூன்றாவது தோட்டா

மகளே,

நிறைமாத வயிற்றோடு அப்பாவை வழியனுப்ப வரமுடியவில்லையே என்று அழாதே. எல்லாம் முறையாக நடந்தது.

நம் குடகு வழக்கப்படி சாவுக்கான இரண்டு வேட்டும் போட, மகன் இல்லாத வீடாயிற்றே என்று உன் சித்தப்பா பெள்ளியப்பா துப்பாக்கிக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"தோள் எறங்கிடும், அண்ணி!"

"முப்பத்தாறு வருஷம் பட்டாளத்துக்காரனோட குடும்பம் நடத்தின தோளு. தள்ளி நில்லுங்க."

நானே சுட்டேன். இரண்டு வேட்டும் விராஜ்பேட்டை வரை கேட்டிருக்கும்.

நீ பிறந்தபோது லீவில் வந்திருந்த அப்பா ஒரு வேட்டுப் போட்டார். உன் தாத்தா ஓடி வந்தார். "பொண்ணுக்கு எவன்டா வேட்டுப் போடுவான்? பையன்னு நெனச்சு ஊரே வரும்டா!"

"வரட்டும். வந்து என் பொண்ணப் பாத்துட்டுப் போகட்டும்."

காலையில் வெல்லக் காப்பியை இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். அப்பாவின் கைப்பக்குவம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் அலமாரியில் மூன்று தோட்டாக்கள் வைத்திருந்தார். இரண்டு முடிந்தன. மூன்றாவதில் 'பேரக்குழந்தைக்கு' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். தோள் கொஞ்சம் வீங்கியிருக்கிறது; அதற்குள் சரியாகிவிடும்.

குழந்தை பிறந்த உடனே போன் செய். ஆணா பெண்ணா என்பதை நான் சுட்ட பிறகு சொன்னால் போதும்.

உன் அம்மா