ஆதிரையின் இரத்தத்தில் 39

மருந்து நாள் 8 / 00:10

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பகலெல்லாம் மருந்தகம், பிறகு குழந்தை. அவள் தூங்கின பிறகுதான் கை ஒழிகிறது.

நான் மங்கையர்க்கரசி, பி.ஃபார்ம்., செவ்வாய்க் குடியிருப்பின் மருந்தாளர். இங்கே மருத்துவர் கிடையாது. பூமியில் இருக்கும் மருந்துக் குழுதான் எங்களுக்கு மருத்துவர். குழுவில் இன்று பணியில் இருப்பவர் இதைப் படிக்கவும்.

நோயாளி ஆதிரை, ஐந்து மாதம், என் மகள். செவ்வாயில் பிறந்த ஒரே குழந்தை. வலிப்பு மருந்து தொடங்கி எட்டாம் நாள், தினமும் ஒரு வேளை, காலை 06:00. இங்கே எல்லோருக்கும் உள்ளதுபோல அவளுக்கும் தோளில், தோலுக்கடியில் மருந்துக் குப்பி இருக்கிறது. நேரம் வந்தால் தானே மருந்தை விடும். நிறுத்தவோ குறைக்கவோ பூமியிலிருந்து சாவி எண் வர வேண்டும். யாரோ ஒரு ஊழியர் தூக்க மருந்தைத் தானே கூட்டிக்கொண்டதால் வந்த விதி.

இரத்தத்தில் மருந்து 30. பாதுகாப்பு எல்லை 15 முதல் 40. வலிப்பு இல்லை. மூச்சு நிமிடத்துக்கு 34, இந்த வயதுக்குச் சரி.

ஒரே சந்தேகம். உங்கள் அட்டவணைப்படி இன்று 22 தானே இருக்க வேண்டும்?

மருந்து நாள் 10 / 00:20

35. மூச்சு 30. இரண்டு முறை பாலுக்கு எழுப்பியும் எழவில்லை.

உங்கள் குழுவின் டாக்டர் சங்கரபாண்டியனின் பதில் வந்தது: "எல்லைக்குள்ளதானேம்மா இருக்கு? அப்புறம் என்ன? முதல் குழந்தைன்னா அப்படித்தான் பதறும். புள்ள தூங்குறப்ப நீங்களும் தூங்குங்க."

எனக்குத் தூக்கம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, டாக்டர்.

இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம் அரை ஆயுள். முதலாமாண்டுப் பாடம். பூமிக் குழந்தைக்கு அது நான்கு நாள். ஆதிரைக்கு, நான் தினமும் குத்தி எடுத்த பத்துத் துளி இரத்தத்தின் கணக்கில், எட்டு நாள். அவள் கல்லீரல் பாதி வேகத்தில்தான் மருந்தைக் கழிக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. இங்கே வளர்ந்த கல்லீரல் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. உள்ளே போகும் அளவோ குறையவில்லை. வாளிக்குள் விழும் தண்ணீர் அதே, அடியில் ஓட்டை மட்டும் பாதி. உங்கள் அட்டவணையில் 30-ல் நிற்கும். இவளுக்கு 60 வரை ஏறும். இன்று எல்லைக்குள் இருப்பது ஏறுகிற வழியில் இருப்பது. நின்ற இடம் அல்ல.

அளவைப் பாதியாக்கச் சாவி அனுப்புங்கள்.

மருந்து நாள் 11 / 01:15

37. மூச்சு 24.

சாவி வரவில்லை. என் விண்ணப்பம் திரும்பி வந்தது: "ஊழியர் எண் 41. வயது 18-க்குக் கீழ். படிவம் ஏற்கப்படாது." என் மகளை ஊழியர் என்று பதிந்தது நீங்கள். குப்பி வைக்கும்போது வயதைக் கேட்டீர்களா?

கூடவே டாக்டரின் குரல்: "பி.ஃபார்ம் படிச்சிட்டு எனக்கே அரை ஆயுள் பாடம் எடுக்கிறீங்களா? டோஸைக் குறைச்சு வலிப்பு திரும்பி வந்தா யாரும்மா பொறுப்பு?"

நான் பொறுப்பு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரை ஆயுள் எட்டு நாள் என்றால், இன்றே நிறுத்தினாலும் மருந்து ஒரேயடியாக இறங்காது. எட்டு நாள் கழித்தும் பாதி இருக்கும். வலிப்பைத் தடுக்க அது போதும். அவளைக் கொல்லும் அதே மந்தம்தான் நிறுத்துவதைப் பாதுகாப்பாக்குகிறது. இது உங்களுக்குப் புரியாமல் இல்லை. அட்டவணை உங்களுடையது, அதனால் தப்பாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மருந்து நாள் 12 / 02:40

39. மூச்சு 17.

அவள் கையைத் தூக்கி விட்டேன், துணி மாதிரி விழுந்தது. அவள் உள்ளங்காலைச் சுண்டினேன். முகம் சுளித்தாள், அழவில்லை. போன வாரம் அவள் அழுதால் எனக்கு எரிச்சலாக இருந்தது.

துளைப்பு முகாமிலிருந்து அவள் அப்பா தில்லைநாதன் வானொலியில்: "அரசி, வண்டிய எடுத்துட்டேன். ஏழு மணிக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் நீ அந்தக் குப்பிய வெட்டி எடுக்காத, கேக்குதா? நான் வந்து பாத்துக்கிறேன்."

"ஏழு மணிக்கு வந்து என்னங்க செய்வீங்க? ஆறுக்கு அது மருந்தை விட்ரும்."

அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். இஞ்சின் சத்தம் ஏறியது.

மருந்து நாள் 12 / 05:31

மூச்சு 13. எண்ணும்போதே ஒன்று வராமல் போகிறது.

குப்பி தோலுக்கு அரை விரல் கீழே. பக்கத்தில் தமனி. உணர்விழப்பு மருந்துப் பெட்டியும் உங்கள் சாவியில்தான் திறக்கும், அதையும் கேட்டேன், அதற்கும் படிவம். கத்தியைக் கொதிநீரில் போட்டிருக்கிறேன். நான் அறுவை படிக்கவில்லை. மருந்து எப்படி உடலுக்குள் போகிறது, எப்படி வெளியேறுகிறது என்றுதான் படித்தேன், அதைத்தான் நான்கு நாளாக உங்களிடம் கத்திக்கொண்டிருக்கிறேன், நீங்கள் தூங்கு தூங்கு என்று...

இப்போது அனுப்பினால் பதினான்கு நிமிடத்தில், 05:45-க்கு, உங்களை அடையும். அந்த நொடியே சாவியை அனுப்பினால் 05:59-க்கு எனக்கு வரும். குப்பியின் விளக்கு தோல் வழியே பச்சையாகத் தெரிகிறது, சாவி வந்தால் அணையும். 05:59 வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அணையாவிட்டால் வெட்டுவேன்.

யார் படிக்கிறீர்களோ, டாக்டரைக் கேட்க வேண்டாம், படிவம் தேட வேண்டாம். ஊழியர் எண் 41, நிறுத்து. அந்த ஒரு சாவி.

சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.