கீழ்பென்னாத்தூரில் ஊற்றிய தண்ணீர்

இந்த ஐப்பசியிலும் உப்பு ஜாடி கசிந்து கிடக்கிறது. காலையில் மூடியைத் திறந்ததும் அந்த ஈர வாடை வந்தது. ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். வெளியே மலை தெரியவில்லை, இடுப்பு வரைக்கும் மேகம். நீங்கள் போய் ஒரு வருஷம் முடிகிறது. திட்டுவதற்காவது பக்கத்தில் ஆள் வேண்டாமா, அதனால்தான் எழுதுகிறேன்.

உப்பால்தான் எல்லாம் என்று சொன்னால் அங்கேயிருந்தும் சண்டைக்கு வருவீர்கள். பழைய முறையில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது சாமியார் குழந்தையின் நாக்கில் மந்திரித்த உப்பு வைப்பார். புது முறையில் அதை எடுத்துவிட்டார்கள். லத்தீன் பூசை போய்த் தமிழ் வந்ததையும், பீடம் நம் பக்கம் திரும்பியதையும், பாட்டுக்குத் தபேலா வந்ததையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். நம் பையன் பிறந்தபோதுதான் வெடித்தீர்கள். உப்பு இல்லாத ஞானஸ்நானம் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று பங்குச் சாமியாரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தீர்கள். அவரும் இளவயது, கோபக்காரர். "பங்கை விட்டுப் போறவங்க நாளைக்கு நல்லது கெட்டதுக்கு இங்க வந்து நிக்கக்கூடாது" என்றாராம். அந்தக் 'கெட்டது' எனக்குச் சாவு, அடக்கம் என்றுதான் கேட்டது.

அதிலிருந்து ஆரம்பித்தது அலைச்சல். வாரம் முழுக்க ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டைக் கணக்கு; ஞாயிறு வந்தால் பழைய பூசை நடக்கும் பங்கைத் தேடி பஸ். பச்சை உடம்போடு நான், என் மடியில் பிள்ளை. எங்கே கிடைத்தாலும் அங்கேயே அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும், அந்தப் பங்கிலேயே குடும்பமாகச் சேர்ந்துவிட வேண்டும் என்பது உங்கள் திட்டம். ஒரு ஊரில் சாமியார் சிரித்தே அனுப்பிவிட்டார். இன்னொரு ஊரில் பழைய மரப் பீடத்தைக் கோயிலின் பின்பக்கத் தாழ்வாரத்தில் போட்டிருந்தார்கள். அதன் மேல் கோழி அடைந்திருந்தது. நீங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் முன்னே முழங்காலிட்டீர்கள். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை.

பையனுக்கு அதற்குள் நெஞ்சில் கர்ர் என்று சத்தம் வர ஆரம்பித்திருந்தது. மருந்து கொடுத்தால் இரண்டு நாள் அடங்கும், பிறகு திரும்ப வரும். ஞானஸ்நானம் பெறாமல் போகிற பிள்ளைக்கு மோட்சமும் கிடையாது, மந்திரித்த கல்லறை மண்ணும் கிடையாது என்றுதான் நமக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கல்லறைச் சுவருக்கு வெளியே கள்ளி ஓரத்தில் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். ராத்திரி அவன் மூச்சு இழுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கள்ளிதான் ஞாபகம் வரும். நம்ம பங்கிலேயே கொடுத்துவிடலாம் என்று எத்தனை தரம் கேட்டேன்! "இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கெழம. ஆண்டவர் பாத்துப்பாரு" என்பீர்கள். ஆண்டவருக்கும் உங்களுக்கும் நடுவில் நான் என்ன பேச முடியும்?

கடைசியில் செஞ்சி பக்கம் ஒரு கிராமத்தில், ஓய்வுபெற்ற வயதான சாமியார் ஒருவர் விடியற்காலையில் இன்னும் லத்தீனில்தான் பூசை வைக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நாம் கிளம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா பிள்ளையின் மார்பில் கை வைத்துப் பார்த்தார். "ஜாஸ்தியா இழுக்குதே. இத்த போய் பஸ்ஸுல தூக்கினு போறீங்களே" என்றார். நீங்கள் காதில் வாங்கவில்லை.

பூசை நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது. பெரியவர் நமக்கு முதுகைக் காட்டி நின்று முணுமுணுக்க, நீங்கள் ஒவ்வொரு வரிக்கும் மனப்பாடமாகப் பதில் சொல்லிக்கொண்டு கண்ணீர் விட்டீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பூசை முடிந்து ஞானஸ்நானத்தைக் கேட்டதும் அவர் தலையை ஆட்டிவிட்டார். "உங்க பங்குச் சாமியார் அனுமதி இல்லாம நான் செய்யக்கூடாதுப்பா. அதுதான் பழைய சட்டம்." சட்டம் என்றதும் நீங்கள் குனிந்து தொப்பியை எடுத்துக்கொண்டீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. கீழ்பென்னாத்தூரில் இறங்கினோம். ஆஸ்பத்திரிக்கு வண்டி பார்க்க நீங்கள் ரோட்டைத் தாண்டி ஓடினீர்கள். நான் டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். குடிக்க என்றுதான் அந்தப் பெண் நினைத்திருப்பாள். ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று படித்திருந்தேன் இல்லையா? அவன் நெற்றியில் தண்ணீரை ஊற்றி, மனப்பாடமாக இருந்த அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். உங்கள் அப்பாவின் பேரையே வைத்தேன். ஊற்றும்போது உடம்பு லேசாக அசைந்தது. அசைந்தது அவனா, அவனைத் தாங்கியிருந்த என் கையா, தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் மல்லாட்டை மூட்டை ஏற்றிய வேன்காரனிடம் நீங்கள் கெஞ்சிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நேரம் ஆயிடுச்சேம்மா" என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்காமல் பிள்ளையைத் துணியில் சுற்றினேன்.

அப்படியே நேராக, இனி மிதிக்கமாட்டேன் என்று நீங்கள் விட்டுவந்த நம் பங்குக் கோயில் படிக்கே போனோம். பங்குச் சாமியார் துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பழசு எதையும் பேசவில்லை. உயிர் போன பிறகு ஊற்றினால் அது செல்லாது என்பதால், தண்ணீர் ஊற்றியதை நான் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஊத்தும்போது உசுரு இருந்துச்சாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முன்னால் வந்து நின்றீர்கள். "இருந்துச்சு சாமி. நான் பக்கத்துலயே நின்னுனு இருந்தேன். கண்ணத் தெறந்து பாத்தான்."

கூட்ஸ் ஷெட்டில் ஒரு மூட்டையைக்கூட மாற்றிச் சொல்லாத மனுஷன் நீங்கள். பூசையில் ஒரு வார்த்தை மாறினால் தூங்காதவர். சாயங்காலம் அவனைச் சுவருக்கு உள்ளே, மந்திரித்த மண்ணில் வைத்தோம்.

அதற்குப் பிறகு வேறு பங்கு தேடவில்லை. தபேலா வாசிக்கும் அதே கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தீர்கள். ஆனால் ஒரு நாளும் எழுந்துபோய் நற்கருணை வாங்கவில்லை. பழைய ஆள், இன்னும் வீம்பு தீரவில்லை என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நற்கருணை வாங்க வேண்டுமென்றால் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அன்றைக்கு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றதைச் சொல்ல வேண்டும். சொன்னால் பையனின் இடம் என்னாகுமோ என்று பயந்தீர்கள். எனக்கு அது புரிந்திருந்தது. உங்கள் மேல் இருந்த கோபம் ஆறியதும் அதனால்தான். முழுக்க ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

போன வருஷம் நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது புதுச் சாமியார் எண்ணெய் பூச வந்தார், பாவசங்கீர்த்தனம் கேட்க என்னை வெளியே போகச் சொன்னார். கதவு ரொம்ப நேரம் சாத்தியே இருந்தது. நான் வராந்தாவில் நின்றேன். என்ன சொன்னீர்களோ, சொல்லாமலே விட்டீர்களோ.

ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தோம். தண்ணீர் ஊற்றும்போது அவனுக்கு உயிர் இருந்ததா என்று நீங்கள் என்னைக் கேட்கவே இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தத் தெரியாததைத்தான் இன்னும் மடியில் கட்டிக்கொண்டு திரிகிறேன். இப்போது நீங்கள் போயாயிற்று. அங்கே அவன் இருக்கிறானா இல்லையா என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் இன்னும் தெரியாது.