கல்சுவரில் வெள்ளையாக ஒன்று

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். குளிரில் உங்கள் முட்டிவலி கூடவில்லையே? அப்பா படகைக் கரையேற்றிவிட்டாரா? நான் நலம்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, கவலைப்படாதீர்கள். வடக்கிலிருந்து வெள்ளைப் பனி ஆந்தைகள் இறங்கும் பருவம் இது. போன வாரம் கல்சுவரில் வெள்ளையாக ஒன்றைப் பார்த்து, ஆந்தை என்று வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டேன். எங்கள் பறவைக் கண்காணிப்பு நிலையத்தில் எல்லோரும் சாப்பாட்டை விட்டு மழையில் ஓடி வந்தார்கள். பார்த்தால், காற்றில் வந்து சிக்கிய உரச்சாக்கு.

அன்றிலிருந்து எங்கள் தலைவர் ஹல்வார், "என்னம்மா பட்டதாரி, சாக்கு முட்டை போட்டுச்சா?" என்கிறார்.

கூட வேலை செய்யும் சிக்னே அக்கா மட்டும், "நீங்க கோழியைப் பருந்துன்னு சொன்ன கதையை எடுக்கவா?" என்று அவர் வாயை அடைத்தாள்.

இன்று காலை அதே சுவரில் நிஜ ஆந்தையே உட்கார்ந்திருந்தது, அம்மா. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அது கடல் பக்கம் பறந்துவிட்டது.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றைய கணக்கை எழுத, பறவைப் பெயர்ப் பட்டியலை வரிசையாகப் படிப்பார்கள். அன்று அந்தப் பறவையைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். தனியாகப் பார்த்தால் நம் வாய்ச்சொல்தான் சாட்சி. வசந்தம்வரை யாரை வேலையில் வைத்துக்கொள்வது என்று ஹல்வார் இந்த வாரம் முடிவுசெய்கிறார்.

சனிக்கிழமைப் படகில் கம்பளிக் காலுறை அனுப்புங்கள். சின்னப் பொட்டலமானாலும் போதும். துறையில் பொட்டலம் வந்தவர்களைக் கூப்பிடும்போது என் பெயரையும் கூப்பிடுவார்கள்.

கீழே பட்டியலைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். வாத்துகள் முடிந்துவிட்டன. ஆந்தையின் பெயர் வருவதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும்.

உங்கள் மகள்,
தூருன்