பேசினால் இறங்கும் முள்

டெமோரா, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லோர்னா,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

டெஸ்மண்ட் தன் கொட்டகையிலேயே கட்டிய விமானத்துக்கு வயரிங் முடித்துவிட்டேன். ஒன்றுதான் புரியவில்லை. ரேடியோ பொத்தானை அழுத்திப் பேசினால் பெட்ரோல் காட்டும் முள் காலிக்கு இறங்குகிறது. பேச்சை நிறுத்தினால் மறுபடி ஏறிவிடுகிறது. ஒவ்வொரு இணைப்பையும் மூன்று தடவை கழற்றி மாட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

"யோவ் கிளைவ், நீ வாயத் தொறந்தாலே டாங்க் காலியாகுது. லோர்னா உன்கூட எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ!" என்று டெஸ்மண்ட் சிரிக்கிறார்.

பயப்படாதே. வயரிங் மட்டும்தான், ஏறிப் பறக்க மாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. இதெல்லாம் கொட்டகைக்குள் நடந்த சோதனை.

எனக்குத் தலை சுற்றுவது எதனால் என்றால், தரையில் எத்தனை தடவை அழுத்தினாலும் முள் அசைவதே இல்லை. மேலே போனதும்தான்...

தபால் வண்டி வந்துவிட்டது. வேறு தாள் இல்லை, இதையே அனுப்புகிறேன். கோபப்படாமல், காதை மூடும் அந்தக் கம்பளித் தொப்பியை அனுப்பு. அதற்குள் உன் இஞ்சி பிஸ்கட் நாலு வை.

உன்
கிளைவ்