கதவுச் சத்தம்

ஜாதவ்பூர்
4-10-1998

அன்புள்ள அப்பாவுக்கு,

ரோஹிணி நமஸ்காரம். பெரியவர்களைச் சேவிக்கும் விஜயதசமி என்று வியாழனன்று மாதவும் நானும் தம்பதியாகப் பவானிபூர் வந்தோம். பெல் அடித்தோம். உள்ளே ரேடியோ பாடியது, கதவு திறக்கவில்லை. சந்தேஷ் இனிப்பு டப்பாவைக் கீழ்வீட்டு போஸ் மாஷிமாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

எங்கள் கல்லூரியில் டிசம்பரில் ஒரு பழைய ரோமானிய நகைச்சுவை நாடகம் போடுகிறோம். கிரேக்கர்களிடம் கதையை வாங்கி, உள்ளூர்க் கேலியைக் கலந்து, சாமித் திருவிழாவில் நடிப்பார்களாம். நம் பூஜா பந்தல் மாதிரி மரமேடை, முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். மேடைதான் தெரு. இரண்டு வீட்டு வாசல். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் கடைவீதி. துறைமுகத்திலிருந்து நரைமுடி முகமூடியோடு கோபக்கார அப்பா வருவார். தமிழ் சபாவில் வருஷா வருஷம் நீங்கள் போட்ட வேஷமேதான்! கிதர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் வேறு!

ஒரு பெண்ணை வைத்துச் சண்டையெல்லாம் போட்டுவிட்டு, அந்த அப்பா கடைசியில் மன்னித்துவிடுவார். நீங்களே அந்த வேஷம் கட்ட வருவீர்களா?

ரோஹிணி


பவானிபூர்
20-10-1998

ரோஹிணிக்கு,

சௌக்கியம். எனக்குச் சர்க்கரை வியாதி என்பது மறந்தே போச்சா? சந்தேஷை போஸ் வீட்டுக் குழந்தைகள் தின்றன.

மேடையில் மன்னித்தேன், வாஸ்தவம். வசனம் எழுதிக் கொடுத்தார்கள், சொன்னேன். வீட்டில் யார் எழுதிக் கொடுப்பார்? அம்மா போய் வருஷம்கூடத் திரும்பவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாய். எனக்குத் தாங்கவில்லையம்மா.

அது கிடக்கட்டும். உன் நாடகத்தில் யாருக்காக எல்லோரும் சண்டை போடுகிறார்களோ, அந்தப் பெண் என்ன பேசுகிறாள்? நீ எழுதவே இல்லையே.

திருவேங்கடம்


ஜாதவ்பூர்
8-11-1998

அன்புள்ள அப்பாவுக்கு,

அவள் மேடைக்கே வருவதில்லை. நல்ல குடும்பத்துப் பெண் தெருவில் நின்று பேசுவது அவர்கள் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பிரசவ வலியில் ஒருதரம் கத்துவாள், அவ்வளவுதான்.

எனக்கும் மார்ச்சில். அம்மா இல்லாமல் பயமாக இருக்கிறது அப்பா.

இன்னொரு வழக்கமும் உண்டு. உள்ளேயிருந்து யாராவது வருவதற்கு முன்னால் கதவு கிரீச்சிடும். தெருவில் நிற்பவன், "கதவுச் சத்தம் கேட்கிறது, யாரோ வருகிறார்கள்" என்பான். ஒத்திகையில் அந்த வரி வரும்போதெல்லாம் நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அன்று நம் வாசலில் அந்தச் சத்தத்துக்காகத்தான் நின்றேன்.

நீங்கள் வெறும் 'ரோஹிணிக்கு' என்று எழுதியிருந்தீர்கள். அம்மா இருந்தால் 'சௌபாக்கியவதி' போடாமல் தபாலில் சேர்க்க விட்டிருக்க மாட்டாள்.

ரோஹிணி


பவானிபூர்
2-12-1998

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு அநேக ஆசீர்வாதம்.

வேஷம் கட்ட மாட்டேன். வேஷத்தில் மன்னித்தது போதும். நாடகத்தைப் பார்க்க வருகிறேன்.

அன்று தாழ்ப்பாளில் கை வைத்தபடி உள்ளேதான் நின்றேன். "தூங்கறார் போலிருக்கு, பாவம்" என்று மாப்பிள்ளையிடம் நீ சொன்னது காதில் விழுந்தது. அதற்கப்புறம் ரேடியோவை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வருவது நம் வழக்கம். அதை மாற்ற நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். அம்மாவின் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். கூட இருந்து கவனித்துக்கொள்வதாக போஸ் மாஷிமா சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். சந்தேஷ் வேண்டாம். பெல்லும் அடிக்காதே. ரோமாபுரியில் வழக்கமில்லாவிட்டால் போகட்டும், நீ தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "அப்பா" என்று கூப்பிடு.

கதவுச் சத்தம் கேட்கும்.

அப்பா