விமானத்துக்கு வைத்த பொட்டு

விஜயதசமி, இரவு.

முதலாளி காலையில் தன் குட்டி விமானத்தில் திருவாரூர் வரை தனியாகப் பறந்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க இறங்கினார். உயரம் காட்டும் முள் கிளம்பியதிலிருந்து அசையவே இல்லையாம். "மீட்டர் டூப்ளிகேட்டுய்யா மெக்கானிக், மாத்து" என்றார்.

விமானத்தை ஒரு சுற்று வந்தேன். வெளிக்காற்றை அந்த முள்ளுக்குக் கொண்டுபோகும் குண்டூசித் தலையளவுத் துளைகள் இரண்டிலும் சந்தனம் காய்ந்து கிடந்தது. நேற்று ஆயுதபூஜையில் அவரே வைத்த பொட்டு. பறக்குமுன் துளையைப் பார்ப்பதும் அவர் வேலைதான்.

"நீங்க வெச்சதுதாங்க" என்றேன்.

"சாமிக்கு வெச்சதுல கோளாறு வருமா?"

சுத்தம் செய்து சோதித்தேன். முள் அசைந்தது.

"பாத்தியா, சாமி காப்பாத்திருச்சு" என்று மறுபடியும் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். குறுக்கே போய் என் நெற்றியை நீட்டினேன். துளை தப்பியது. அந்த மடையனுக்குத் தலை குனிந்ததை நினைத்தால், குளித்த பிறகும் நெற்றி எரிகிறது.